கோட்டைக்குப் பால் காய்ச்சியவள்

பட்டாபிராம் ஜெகதீசன் அன்று காலை பல் விளக்கும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் தலைவராக இருந்துவிட்டுப் போகட்டும். ஜிலோமிக்கு மட்டும் அவர்தான் தலைவர். அதுவும் மாலை போட்டு உட்கார வைக்கிற தலைவர் இல்லை. பூட்டும் சாவியும் கையில் வைத்திருக்கிற தலைவர்.

ஜிலோமி என்றதும் புது பிஸ்கட் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு மொழி. ஜெகதீசன் தன் சொந்த மூளையில் செய்த மொழி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவருக்குக் குவாலிட்டி கன்ட்ரோல் வேலை. நாள் முழுக்க நட்டையும் போல்ட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து 'ஓகே', 'ரிஜெக்ட்' என்று ஸ்டிக்கர் ஒட்டுவார். போகும்போதும் வரும்போதும் மின்சார ரயிலில் மற்றவர்கள் சீட்டாடினார்கள். இவர் சொல் செய்தார். கல்யாணத்துக்கு முன்பே பிடித்த பழக்கம், கல்யாணத்துக்கு அப்புறமும் போகவில்லை. இப்போது இணையத்தில் நாற்பது பேர் ஜிலோமியில் எழுதுகிறார்கள், கவிதை பாடுகிறார்கள், சண்டைகூடப் போடுகிறார்கள். போலந்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், பிரேசிலில் ஒரு பல் டாக்டர், பூந்தமல்லியில் நண்பன் யூசுப் என்று சாம்ராஜ்யம் பரந்து கிடந்தது. சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்று ஜெகதீசனே ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

ஜிலோமியில் மழைக்குப் பதினான்கு சொற்கள் உண்டு. காஸ் சிலிண்டருக்கு ஒன்றுகூடக் கிடையாது. கணவனுக்கு 'ஓரெல்' என்று பெயர். 'மகுடம் தாங்குகிறவன்' என்பது அர்த்தம். மன்னிப்புக் கேட்பதற்குச் சொல்லே இல்லை.

"அப்ப புருசங்களுக்குனே கண்டுபுட்ச்ச பாஷை," என்று அவர் மனைவி பானுப்பிரியா சொன்னதுண்டு. அவள் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். வாட்ச்மேன், லிஃப்ட், தண்ணி லாரி எல்லாம் அவள் சொன்னபடி நடக்கும். அதை ஜெகதீசன் ஒரு பெரிய விஷயமாக நினைத்தது கிடையாது. லாரியை வரச் சொல்வதற்கு இலக்கணம் தெரிய வேண்டுமா என்ன.

கல்யாணமான புதிதில் அவளும் ஜிலோமிக்கு ஆசையாக ஒரு சொல் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் தாளிக்கும்போது நம் வீட்டுக்குள் வருகிற வாசனைக்கு 'சுய்யோ' என்று பெயர் வைக்கலாம் என்றாள். ஜிலோமியில் எந்தச் சொல்லும் சகரத்தில் தொடங்கக் கூடாது என்பது ஜெகதீசன் போட்ட சட்டம். ஒரு நொடிகூட யோசிக்காமல் 'ரிஜெக்ட்' என்றார். அதை அவர் அன்றைக்கே மறந்துவிட்டார். பானு அதற்கப்புறம் சொல் எதுவும் கொடுக்கவில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், ஜிலோமி அகராதி இலவசமாக இடம் கொடுத்த ஒரு தளத்தில் இருந்தது. வினைச்சொல் பாடத்துக்கு நடுவில் முட்டிவலித் தைலத்துக்கு விளம்பரம் வரும். ஜிலோமியில் முட்டிக்கே சொல் இல்லாதபோது இது பெரிய அவமானமாக இருந்தது. எல்லோரும் சேர்ந்து எழுதித் திருத்துகிற ஒரு விக்கியைச் சொந்தமாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. எந்த மென்பொருளில் வைப்பது என்பதில்தான் அடிதடி.

இரண்டு மென்பொருள்கள் போட்டியில் இருந்தன. ஒன்றுக்கு 'சந்தை' என்று பட்டப்பெயர். யார் வேண்டுமானாலும் வரலாம், எழுதலாம், போகலாம். யூசுப்புக்கு அதுதான் பிடித்தது. இன்னொன்று 'கோட்டை'. எழுதியதைத் தலைமைக் காவலர் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே தெரியும். ஜெகதீசனுக்கு அதைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மொத்த மொழிக்கும் ஓகே, ரிஜெக்ட்.

"இன்னாங்க, அந்தக் கோட்டைல சாவி யார்கிட்ட கீது?" என்று பானு கேட்டாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மொதல்ல யாரு பேரப் பதியறாங்களோ அவங்கதான் தலைமைக் காவலர்."

"அப்பால மாத்த முடியாதா?"

"அவங்களா மனசு வெச்சிக் குடுத்தாத்தான் உண்டு. ஊரே ஒண்ணு சேந்தாலும் புடுங்க முடியாது. அதான் பானு கோட்டை."

"நல்லா கீதே," என்று பானு அடுத்த கொத்தை எடுத்தாள்.

மனைவிக்குக்கூட ஆர்வம் வந்துவிட்டது என்று ஜெகதீசனுக்கு ஒரே பெருமை. சாயங்காலம் யூசுப் போனில் வந்தான்.

"மச்சான், கோட்டை ரொம்பக் கஷ்டம்டா. புதுசா வர்றவன் பாத்தாலே தெறிச்சி ஓடிடுவான்."

"அதெல்லாம் கொயந்தகூட எழுதும்."

"அப்ப ஒண்ணு பண்ணலாமா? நம்ம கூட்டத்துல இல்லாத ஒரு ஆளு, அர மணி நேரத்துல கோட்டைல ஒரு பக்கம் எழுதிக் காட்டட்டும். எழுதிட்டா கோட்டை. இல்லினா சந்தை. எல்லாரும் வீடியோல பாக்கட்டும்."

"எங்க ஊட்டுக்காரியே எழுதுவா. போதுமா?"

யூசுப் உடனே சரி என்றான். அவ்வளவு சீக்கிரம் சரி என்கிற ஆள் இல்லையே என்று ஜெகதீசனுக்கு லேசாக ஒரு சந்தேகம் தட்டியது. தட்டிய சந்தேகத்தைத் திறந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. ஜெயித்த பிறகு யூசுப் பேச்சு மாறக் கூடாது என்று அவரே ஒரு நிபந்தனையும் சேர்த்தார். சோதனை நடக்கிற இடம்தான் நிரந்தர இடம். அழித்துவிட்டு மறுபடி கட்டுகிற வேலை கிடையாது. இணையத்தில் நாற்பது பேரும் சரி என்று கையைத் தூக்கினார்கள்.

அவர் போட்ட திட்டம் சுலபமானது. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் கண்ணெதிரிலும் கோட்டையைத் திறப்பது. முதலில் தன் பேரைப் பதிந்து சாவியை வாங்கிக்கொள்வது. அப்புறம் பானுவைச் சாதாரண ஆளாக உள்ளே விட்டு எழுதச் சொல்வது. அதற்காக அந்த வாரம் முழுக்க அவளுக்குப் பாடம் நடத்தினார்.

"தலைப்புக்கு ரெண்டு பக்கமும் சமக்குறி போடணும். புரிதா?"

"கேட்டுக்கு உள்ள ஒரு தாப்பா, வெளிய ஒரு தாப்பா. அதான?"

"அப்டித்தான். எழுதனத யாரு மாத்தினாலும் இங்க தெரியும்."

"நம்ம லாரி கணக்குக்குகூட இப்டி ஒண்ணு போன்ல வெச்சிக்கினு கீறேன்."

"அது வேற, இது வேற பானு. இது சாப்ட்வேர்."

"ஓ," என்றாள் பானு. நன்றாகப் படிக்கிறாளே, நம் டீச்சிங் அப்படி என்று ஜெகதீசன் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. ஜெகதீசன் குளித்து, மேல்பாதிக்குச் சட்டையும் கீழ்ப்பாதிக்கு லுங்கியுமாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். திரையில் ஜிலோமி உலகம் முழுக்கக் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தது. அவர் ஜிலோமியில் ஒரு வரவேற்புரை ஆற்றினார். மழை சம்பந்தமான சொற்கள் கொஞ்சம் அதிகமாக இருந்தன. பெயர் பதிகிற கட்டத்தில் விரலை வைக்கப் போனார். அப்போது கதவு திறந்தது.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, கையில் ஆவி பறக்கிற பால் செம்போடு பானு நின்றாள்.

"இன்னா பானு இது?"

"நம்ம இந்த பிளாட்டுக்கு வந்தப்ப மொதல்ல யாரு காலு வெச்சா?"

"நீதான்."

"பால் காச்சினது?"

"நீதான். பொம்பள மொதல்ல போனாத்தான் ஊடு வெளங்கும்னு எங்கம்மா நிக்க வெச்சாங்களே."

"அப்ப இது ஊடு இல்லியா? ஒரு மாசமா ஜிலோமிக்குப் புது ஊடு, புது ஊடுனு நீங்கதான சொல்லிக்கினு கீறீங்க. குடி போற அன்னிக்கு ஆம்பள மொதல்ல பூந்துட்டா நல்லாவா கீது?"

யூசுப் இதை அப்படியே இங்கிலீஷில் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னான். ஜிலோமிக்காரர்களுக்குச் சடங்கு என்றால் உயிர். இல்லாத ஊருக்கே பண்டிகை எழுதி வைத்திருக்கிற கூட்டம் அது. போலந்து டீச்சர் கையைக் கூப்பினார். பல் டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். வேறு வழியில்லை என்று ஜெகதீசன் நாற்காலியைக் கொடுத்தார். உள்ளுக்குள் அவருக்குப் பெரிய கவலையும் இல்லை. பெண்டாட்டி சாவி யார் சாவி? ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வாங்கிக்கொண்டால் போயிற்று.

பானு செம்பை ஓரமாக வைத்தாள். வலது கை ஆள்காட்டி விரலால் முதல் எழுத்தைத் தட்டினாள். பேர் பதிந்தாள். கடவுச்சொல் போட்டாள். பால் காய்ச்சும் வழக்கம் பற்றி ஒரு பக்கம் எழுத ஆரம்பித்தாள். தலைப்பு, உள்தலைப்பு, இணைப்பு, படம் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. நடுவில் மூன்று வாக்கியம் ஜிலோமியிலேயே எழுதினாள். வேற்றுமை உருபு ஒன்றுகூடத் தப்பில்லை.

"உனக்கு ஜிலோமி எப்டித் தெரியும்?" என்றார் ஜெகதீசன் மெதுவாக.

"இத்தினி வருசமா காதுல வுயுதுல்ல," என்றாள் பானு திரையைப் பார்த்தபடியே.

அரை மணி நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, பக்கம் முடிந்துவிட்டது. ஓட்டெடுப்பில் கோட்டை அமோக வெற்றி. யூசுப் தன் ஓட்டையே கோட்டைக்குப் போட்டான். ஜெகதீசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். பாலில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. அன்று எல்லாமே தூக்கலாகத்தான் இருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டார்.

"பானு, அந்தச் சாவிய எம்பேருக்கு மாத்திடு."

"அப்ளை பண்ணுங்க. பரிசீலிக்கறேன்."

ஜெகதீசன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஜெகதீசன் சிரிப்பை நிறுத்தினார்.

அவள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரத்தில் தாமே உள்ளே நுழைந்துவிடுவது என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கடவுச்சொல் என்னவாக இருக்கும்? அவள் அம்மா பேரைப் போட்டார். தப்பு. அவள் பிறந்த நாளைப் போட்டார். தப்பு. கல்யாண நாளைப் போட்டார். அதுவும் தப்பு. கோட்டை டமால் என்று கதவைச் சாத்திக்கொண்டது.

"பூட்டிக்கிச்சா?" என்று பின்னால் குரல் கேட்டது. பானு துணி மூட்டையோடு நின்றாள்.

"கல்யாண நாளா இருக்கும்னு பாத்தேன்."

"கல்யாண நாளுதான் வெச்சிருந்தேன். நீங்க இன்னா தேதி போட்டீங்க?"

"பதினாறு."

"அது நிச்சயதார்த்தம்."

ஜெகதீசன் வாயைத் திறந்தார். தமிழில் மன்னிப்புக்குச் சொல் இருந்தது, அன்றைக்கு அது வாயில் வரவில்லை. அவள் துணியை மடிக்க உட்கார்ந்தாள். ஒரு சட்டையை மடித்த பிறகு சொன்னாள்.

"சுய்யோனு ஒரு வார்த்த குடுத்தேன். ஞாபகம் கீதா?"

அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. பழைய வாடகை வீட்டு ஜன்னல், பக்கத்து வீட்டுக் கடுகு, பானு கண்ணை மூடிக்கொண்டு மூக்கை உறிஞ்சியது எல்லாம் வந்தது. தான் சொன்ன பதிலும் கூடவே வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"சட்டம்னு ஒண்ணு..." என்று இழுத்தார்.

"சட்டம் இப்ப நான்தான. ஓரெல், தட்டப் போடுங்க, தோச ஊத்தறேன்."

மறுநாள் காலை ரயிலில் ஜன்னலோரம் யூசுப் உட்கார்ந்திருந்தான், சமாதானம் பேசவென்றே பூந்தமல்லியிலிருந்து வந்து ஏறியிருந்தான். பார்த்தவுடனே சரண் அடைந்துவிட்டான். "எம்மேல கோவப்படாத மச்சான். அந்த டெஸ்ட் ஐடியாவே தங்கச்சி குடுத்தது. நீயா வந்து மாட்டிக்குவனு கரெக்டா சொல்லிச்சு."

ஜெகதீசன் போனில் கோட்டையைத் திறந்தார். தலைமைக் காவலர் அனுமதித்த முதல் சொல் அங்கே நின்றது. சுய்யோ. கீழே போலந்து டீச்சர் ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்: 'என் மாடிப்படியில் இன்று வெங்காயச் சுய்யோ.' பிரேசில்காரர் பூண்டுக்கு எழுதியிருந்தார். ஒரே ராத்திரியில் இருபது பேர் தங்கள் தங்கள் பக்கத்து வீட்டுச் சமையலைப் பற்றி எழுதித் தள்ளியிருந்தார்கள். மழைக்கு அவர் செய்த பதினான்கு சொற்களையும் சேர்த்தால்கூட இத்தனை பேர் பயன்படுத்தியதில்லை.

அவருக்கு முதலில் வயிறு எரிந்தது. ஆவடி வருவதற்குள் எரிச்சல் ஆறிவிட்டது. அம்பத்தூர் வருவதற்குள் பக்கத்துச் சீட்டுக்காரருக்குப் போனை நீட்டி, "இது எங்க ஊட்டுக்காரி செஞ்ச வார்த்த சார், உலகம் பூரா ஓடுது," என்று காட்டிக்கொண்டிருந்தார். கம்பெனியில் வாட்ச்மேனுக்குக் காட்டினார். கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவரிடம் சுய்யோ என்றால் என்ன என்று விளக்கினார். அவ்வளவு பெருமையாக அவர் ஜிலோமியைப் பற்றிக்கூடப் பேசியதில்லை.

சாயங்காலம் திரும்பும் ரயிலில் அந்தப் பெருமைக்கு ஒரு சொல் செய்தே தீருவது என்று உட்கார்ந்தார். உதடு முணுமுணுக்க, விரல் தாளம் போட, கடைசியில் 'மெலாரு' என்று ஒன்று அமைந்தது. பொருள்: பெண்டாட்டியிடம் தோற்றுவிட்டு, அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவன். சகரம் இல்லை, சட்டத்துக்கு உட்பட்டது, ஓசையும் நயமாக இருந்தது. இதை அவளால் தட்ட முடியாது. சாதாரண உறுப்பினர் ஜெகதீசன் என்று தன் பேரைப் போட்டு, பணிவோடு கோட்டைக்கு அனுப்பி வைத்தார்.

இந்துக் கல்லூரி ஸ்டேஷனை விட்டு ரயில் கிளம்பும்போது பதில் வந்தது.

'ரிஜெக்ட். காரணம்: இதே பொருளில் ஓரெல் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.'