வக்கீல் நோட்டீசில் பதினேழு பிழைகள்

அன்புள்ள வக்கீல் மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்காவும் நலம். எங்கள் மகள் மட்டும் நேற்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. அங்கே அனைவரும் நலமென்றால் இதை உட்கார்ந்து படியுங்கள்.

அவள் கணினியில் விளையாடுவதை ஊரே நேரலையில் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். 'கிளிக்கூண்டு' என்ற அந்தச் சேனல்தான் அவளுக்கு உத்தியோகம். திங்கட்கிழமை தபாலில் ஒரு விளையாட்டுக் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஆள் பெயர் இல்லை, சேனல் பெயரும் வீட்டு எண்ணும்தான். இன்னும் வெளியாகாத பேய் விளையாட்டு ஒன்றின் முடிவை அனுமதியில்லாமல் காட்டியதற்குப் பத்து நாளில் சேனலை மூட வேண்டுமாம், இல்லையென்றால் வழக்காம். மகளைக் கேட்டேன். "பேய்னா எனக்குப் பயம்ப்பா. நான் மாடு மேய்க்கிற விளையாட்டுதானே ஆடுறேன்," என்றாள். மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று ஒருகாலத்தில் திட்டியவன் நான், அவளும் அதையே பிடித்துக்கொண்டாள். ஆனால் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்து, காகிதத்தை அவளிடம் காட்டவில்லை. அதற்குள் என் கை சிவப்புப் பேனாவைத் தேடிவிட்டது.

முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவனாயிற்றே. பதினேழு பிழைகள், மாப்பிள்ளை. விட்டுப்போன ஒற்றெழுத்தையெல்லாம் போட்டு, சேனல் பெயரையே தப்பாக அடித்திருந்ததையும் சரிசெய்து, பழக்க தோஷத்தில் அடியில் 'பார்த்தேன், சரி' என்று கையெழுத்திட்டு அவர்களுக்கே திருப்பி அனுப்பினேன். நேற்று பதில் வந்தது: 'குற்றத்தை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டமைக்கு நன்றி.' சேனலையும் முடக்கிவிட்டார்கள். அவள் ஹெட்போனைச் சுருட்டி டிராயரில் வைத்துப் பூட்டினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. உங்கள் அக்கா, "முதல்ல அந்தப் பேனாவைப் பிடுங்கி வைக்கணும்," என்கிறாள். நீங்கள்தான் ஏதாவது சட்டம் சொல்லி என் கையெழுத்தைச் செல்லாமல் ஆக்க வேண்டும்.

உங்கள் வீட்டார் நோயும் நோட்டீசும் இல்லாமல் நீடூழி வாழ வாழ்த்தும்,
அத்தான்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் இறங்கி வந்து, "எனக்கு ஏதாவது தபால் வந்துச்சா சார்? நானும் ஒரு சேனல் நடத்துறேன். கிலிக்கூண்டுன்னு பேரு. எல்லாம் பேய் விளையாட்டுதான்," என்றார். கிலி, மாப்பிள்ளை, பயம் என்கிற கிலி. அவர்கள் சரியாக அடித்திருந்த 'லி'யை 'ளி' ஆக்கி என் பெண்ணை நானே மாட்டிவிட்டிருக்கிறேன். நோட்டீசில் இருந்தவை பதினாறு பிழைகள்தான், பதினேழாவது என்னுடையது. அதை மட்டும் கம்பெனிக்கு எழுதுங்கள், போதும். மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எழுதிக் குடுங்கப்பா," என்று என் சிவப்புப் பேனாவையே நீட்டினாள். எழுதிக் கொடுத்தேன். நிதானமாகப் படித்துவிட்டு, அடியில் 'பார்த்தேன், சரி' என்று கையெழுத்துப் போட்டாள்.