கொம்பன் செட்டில் நான் கூட்டிய எடை

கல்லூரியில் ஒரு செட்டில் சேருவதால் ஏதாவது நன்மை உண்டா என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். கேண்டீனில் பெஞ்சு கிடைக்கும். பேருந்தில் நமக்காக யாராவது துண்டு போட்டு இடம் பிடித்திருப்பார்கள். நாம் தூங்கி எழுவதற்குள் நம் ரெக்கார்டு நோட்டை யாரோ எழுதி முடித்திருப்பார்கள். (மார்க், எழுதியவனின் கையெழுத்தைப் பொறுத்தது.) இதற்கெல்லாம் மேலாக, மொட்டையடித்துக்கொள்ள வேண்டி வந்தால் துணைக்கு ஆள் இருக்கும். இந்தக் கடைசி நன்மையை அனுபவித்தவர்கள் குறைவு என்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் ஆரல்வாய்மொழி. காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று ஒருநாள் என்னையும் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அம்மா நிஜமாகவே பயந்தாள். அவ்வளவு ஒல்லி. கல்லூரியோ மேற்கே, குழித்துறைப் பக்கம். முதல் வருடம் முழுக்க என்னிடம் பேச ஆளில்லை. பின்பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பேன், தனியாக மூடுவேன்.

அங்கே கொம்பன் செட் என்று ஒன்று இருந்தது. ஆறு தடியன்கள். ஓணத்துக்கு நடக்கும் வடம் வலிப் போட்டிகளில் கயிறு இழுப்பதுதான் அவர்கள் வேலை. படிப்பு இடைவேளையில். அந்தச் செட்டின் தலைவர் ஷிபு அண்ணன் ஒருநாள் என் பெஞ்சுக்கே வந்தார்.

"உன்னப் போல ஒருத்தனத்தான் மக்கா தேடிட்டு கெடந்தோம். நம்ம டீமுக்கு வாறியா?"

"எனக்குக் கயிறு இழுக்கத் தெரியாதே அண்ணே."

"நீ ஒண்ணும் செய்யாண்டாம். இப்பிடியே வந்தாப் போதும்."

எனக்குள் ஏதோ மறைந்த பலம் இருப்பதை இந்த மனிதர் கண்டுபிடித்துவிட்டார் என்று நம்பினேன். மறுநாளிலிருந்து மேலே சொன்ன நன்மைகள் எல்லாம் கிடைத்தன. திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப்போனார்கள். தண்ணீர் என்னைத் தள்ளிவிடாதபடி ஜெபின் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெபின்தான் கயிற்றின் கடைசி ஆள். அவன் காலை ஊன்றினால் எதிர் டீம் பாதி தோற்றுவிடும். எனக்கு ஒரு செட் இருக்கிறது என்பதை நினைத்து அன்று இரவு சிரித்துக்கொண்டே தூங்கினேன்.

ஓணத்துக்கு முன்னால் ஒரு மாத விடுமுறை வந்தது. இவ்வளவு அன்பு காட்டுகிறவர்கள் மானத்தை நான் வாங்கக் கூடாது. யாருக்கும் சொல்லாமல் உடம்பைத் தேற்றிக்கொண்டு போய் அசத்துவது என்று முடிவெடுத்தேன். காலையில் புட்டும் பயறும், நடுவில் ஏத்தன் பழம், மாலையில் முட்டை, மறுபடியும் ஏத்தன் பழம். "எம் பிள்ளைக்கு இப்பத்தான் வயிறு தொறந்திருக்கு" என்று அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொன்னாள்.

போட்டியன்று நேராக மைதானத்துக்குப் போனேன். ரப்பர் கடையிலிருந்து கொண்டுவந்த எடை மெஷின் நடுவில் இருந்தது. பக்கத்தில் ஒரு பி.டி. சார். ஏழு பேரின் எடையையும் கூட்டினால் ஓர் அளவைத் தாண்டக் கூடாதாம், தாண்டினால் கயிற்றைத் தொடவே விடமாட்டார்களாம். அன்றுதான் எனக்குத் தெரியும்.

"நாலு கிலோ கூடுதல்" என்றார் சார்.

மற்ற ஆறு பேரும் தங்கள் எடையை ராத்திரியே பார்த்துவிட்டு வந்தவர்கள். ஷிபு அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, என்னத்தலே தின்ன?"

"ஏத்தன் பழம், அண்ணே. முட்டையும்." (பாராட்டப் போகிறார் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.)

"உன்ன யாருலே திங்கச் சொன்னா? நீ எடை கொறஞ்சவன்னுதானே சேத்தோம்! நீ ஈர்க்கில் கணக்கா இருந்தாத்தானே ஜெபினக் கடைசில நிறுத்த முடியும்!"

என்னைச் சேர்த்தது என் பலத்துக்காக அல்ல, பலம் இல்லாததற்காக. வலித்தது. ஆனால் அதைவிட, செட் போய்விட்டதே என்கிற பயம்தான் பெரிதாக இருந்தது. பின்பெஞ்சும் சோற்றுப் பாத்திரமும் கண்முன்னே வந்து நின்றன.

சார் அரைமணி நேரம் கொடுத்தார். பனியனைக் கழற்றினோம், மைதானத்தைச் சுற்றி ஓடினோம், வாயில் ஊறியதையெல்லாம் துப்பினோம். போதவில்லை. எதிரே ஒரு சலூன் இருந்தது. யாரையும் கேட்காமல் உள்ளே ஓடி உட்கார்ந்து, "மொட்டை போடுங்க" என்றேன்.

திரும்பி வந்து ஏறினேன். முள் பழைய இடத்திலிருந்து அசையவில்லை. ஷிபு அண்ணன் அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இவனுக்க தலையில என்ன இருந்தது, எலிவால். ஜெபினுக்குக் காடுல்லா கெடக்கு. போலே கடைக்கு!"

ஜெபின் போனான். பிறகு மற்றவர்கள். கடைசியாக ஷிபு அண்ணனும் போனார். (அவர் பௌதிகம் படித்தார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.) ஏழு மொட்டைகளும் வரிசையாக ஏறி இறங்கிய பிறகும் இரண்டு கிலோ கூடுதல். எதிர் டீம் கயிற்றைத் தொடாமலேயே ஜெயித்தது. பரிசுக் கிடாவை எங்களைத் தாண்டித்தான் இழுத்துக்கொண்டு போனார்கள்.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அங்கே ஜெபின் என் தலையைத் தடவிப் பார்த்தான். "ஏலே, உனக்க மண்டை சப்பிப்போன தேங்காயில்லா!" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். புரோட்டாக் கடைக்குப் போனோம். ஷிபு அண்ணன் தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து என் தட்டில் போட்டார். "தின்னு. இனி என்ன கெட்டுப்போச்சு." அழுதுகொண்டே தின்றேன்.

வீட்டில் என் மொட்டையைப் பார்த்ததும் அம்மா, "யாருக்கு என்னாச்சுப்பா?" என்று நெஞ்சிலடித்துக்கொண்டு அலறினாள். அப்பா முற்றத்தில் உயிரோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதற்குள் துக்கம் விசாரிக்க இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

என் கல்யாணத்துக்குக் கொம்பன் செட் கொடுத்த பரிசு ஒரு எடை மெஷின். மண்டபத்திலேயே ஏழு பேரும் ஏறி இறங்கினோம். பெண் வீட்டார் மிரண்டு போனார்கள். அன்றிலிருந்து ஓணத்துக்கு எங்கள் வீட்டில் யார் சாப்பிட வந்தாலும் மெஷினில் ஏறிவிட்டுத்தான் இலையில் உட்கார வேண்டும். கூட்டிச் சொல்வது என் மனைவி லதா. "கூடுதல், வெளிய போங்க" என்பாள், நாங்கள் நடித்துக்காட்டிக் கற்றுக்கொண்ட அந்த சாரின் குரலில்.

போன ஓணத்துக்குச் செட்டில் ஐந்து பேர்தான். ஒருவன் ஷார்ஜாவில், ஜெபின் மஸ்கட்டில். லதா கூட்டிப் பார்த்துவிட்டு, "முதல் தடவையா அளவுக்குள்ள வந்திருக்கு" என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஷிபு அண்ணன் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து ஜெபினை வீடியோவில் கூப்பிட்டார்.

"ஏலே, அங்க மெஷின் உண்டா? ஏறு."

ஜெபின் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். குனிந்து பார்த்துச் சொன்னான். "நூத்திப் பதினொண்ணு."

"கூடுதல்" என்றாள் லதா, அதையும் சேர்த்துக் கூட்டிவிட்டு. அதற்குப் பிறகுதான் இலை போட்டோம்.