இரும்பு கேட்டுக்கு நான் போட்ட தையல்

தையல் மெஷினில் பல வருஷம் உட்கார்ந்தவளுக்கு எது பிரிந்து கிடந்தாலும் கை பரபரக்கும். எனக்கும் அந்த வியாதி உண்டு. துணியோடு நிறுத்தியிருக்கலாம். இரும்புக்குப் போனதுதான் வினை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்த நேரம். நல்லூரில் முன்பக்கம் வீடு, பின்பக்கம் எங்கள் பனியன் யூனிட். அன்றைக்கு என் மகள் கவிதாவைப் பெண் பார்க்க வெள்ளகோவிலிலிருந்து வருகிறார்கள். (வந்த வரனையெல்லாம் வேண்டாம் என்றவள் அவள். இதையும் தட்டினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?) ராகு காலத்துக்கு முன்னால் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

விடிந்ததும் துணி ஏற்ற வந்த டெம்போ ரிவர்ஸில் எங்கள் கேட்டை இடித்துவிட்டது. கீழ்க்கீல் இரும்புத் தூணிலிருந்து பிய்ந்துபோய், கேட் குடிகாரன் மாதிரி சாய்ந்து நின்றது. பட்டறைக்காரர் போனை எடுக்கவில்லை. முகூர்த்த நாள், அவருக்கும் சொந்தபந்தம் இருக்காதா?

வீட்டில் சூட்கேஸ் அளவில் ஒரு மிக் வெல்டிங் மெஷின் இருந்தது. ஸ்டாண்டு, ரேக்கெல்லாம் நாமே ஒட்டிக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் வாங்கி வந்து, பெட்டியைப் பிரிக்கப் பயந்து, அதன்மேல் தேங்காய் அடுக்கியிருந்தார்.

"கேட்டு சாஞ்சிருந்தா பொண்ணு வேண்டாம்னா சொல்லப்போறாங்க? சும்மா இரு சரசு."

"வாசல்லயே கோணலைப் பார்த்தா பொண்ணும் கோணல்னு நெனைக்க மாட்டாங்களா? பொட்டியப் பிரிங்க."

கூடவே ஒரு புத்தகம் இருந்தது. எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும், அதுவோ இங்கிலீஷ். தேங்காய்க்கு அடியில் வைத்துவிட்டேன்.

மெஷினுக்குள் கம்பிச் சுருள். அட, நம்ம நூல் கோன்தானே! கட்டை அவிழ்த்து, நூலை விடுகிற மாதிரி நுனியை விட்டேன். நூல் விட்ட இடத்தில் கிடக்கும். கம்பி கிடக்குமா? சரசரவென்று துள்ளி, என் கொண்டையில் ஒரு சுற்று, அவர் சட்டைப் பொத்தானில் ஒரு சுற்று.

சிக்கெடுத்து, நுனியை உள்ளே இருந்த இரண்டு உருளைக்கு நடுவே கோத்து, சுவிட்சைப் போட்டு, துப்பாக்கி மாதிரி இருந்த கைப்பிடியை அழுத்தினேன். இடியாப்பம் போலக் கம்பி வந்துகொண்டே இருந்தது. தீப்பொறியைக் காணோம்.

"எர்த்துக் கவ்விய மாட்டு!" என்றார் அவர்.

ஒயரின் நுனியில் இருந்த கவ்வியைக் கேட்டில் மாட்டினேன். அப்போதும் ஒன்றுமில்லை. பெயிண்டின்மேல் கவ்வினால் கரண்ட் ஓடாதாம். சுரண்டிவிட்டு மாட்டியதும் படபடவென்று பொறி. நான் போட்ட கோலத்தின்மேல் நானே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கேட்டை மூடிக் கொண்டியைப் போட்டு, கீழே செங்கல் முட்டுக்கொடுத்து நிமிர்த்தினோம். நூல் சேலைக்குமேல் அவருடைய முழுக்கைச் சட்டை, கையில் கனத்த கையுறை. பெட்டியோடு வந்த கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தால் கேட்டே தெரியவில்லை. எடுத்தால் "கண்ணு போயிரும்" என்று அவர் அலறுகிறார். எங்கே தொடங்குவது, எங்கே விடுவது, ஒன்றும் விளங்கவில்லை. பொறி பறக்கும்போது மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்திலேயே கீலைத் தூணோடு ஒட்டினேன்.

எங்கள் தொழிலில் தையலை அப்படியே விடமாட்டோம். பாக்கெட் முனை பிரியாமலிருக்கக் குறுக்கே கெட்டியாக ஒரு தையல் போடுவோம். பார்டாக் என்று பெயர். கீலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பார்டாக் போட்டேன். மேல்கீல் மட்டும் என்ன பாவம் செய்தது? அதற்கும் போட்டேன்.

செங்கல்லை எடுத்தோம். கேட் ஆடாமல் அசையாமல் நின்றது. கார் வந்ததும் கொண்டியை எடுத்து இழுத்தோம். அப்போதும் அசையவில்லை.

"கீலு சுத்தோணுமல்ல சரசு! சுத்தற எடத்தையே ஒட்டிப்போட்டியே!"

"நல்லாத்தானுங்க புடிச்சிருக்குது," என்றேன். எனக்கு இன்னும் புரியவில்லை.

வெளியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "ஏனுங்கம்மா, எங்களைப் புடிக்கலீங்களா?"

"ஐயோ, அப்படியில்லீங்க! தெச்சுப்போட்டனுங்க!"

"எதைங்க?"

"கேட்டைங்க."

அந்தம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். காருக்கே திரும்பிப் போய்விடுவார்களோ என்று கேட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். அந்த நேரம் மாப்பிள்ளை, "ராகு காலம் வந்துருமுங்கம்மா" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, கேட்டின்மேல் ஏறி உள்ளே குதித்தார். வேட்டி மேலே கம்பி முனையில் மாட்டி டர்ரென்று கிழிந்தது.

ஜன்னலுக்குள் ஒரே சிரிப்பு. கவிதா!

"அம்மா, இவரையே பேசி முடிச்சுருங்க."

மற்றவர்கள் யூனிட்டின் பின்வாசல் வழியாக, பட்டுச்சேலையெல்லாம் பஞ்சு ஒட்ட வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையை என் வீட்டுக்காரரின் துண்டோடு உட்கார வைத்துவிட்டு, வேட்டியை நான் மெஷினில் கொடுத்துத் தைத்தேன். சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதையாவது அவுக்க முடியுமுங்களா?"

மறுநாள் பட்டறைக்காரர் வந்து கீல்களை அறுத்து எடுப்பதற்குள் வேர்த்து ஊற்றிவிட்டார். "யாருங்க இப்படி வெல்டிங் அடிச்சது?" என்றார். "நான்தான்," என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். என் தையல் லேசில் பிரியாது.

இப்போது புதுக்கீல், புதுக்கேட். அது பாட்டுக்கு அகலத் திறந்துதான் கிடக்கிறது. ஆனாலும் மாப்பிள்ளை வந்தால் உள்ளே நுழையமாட்டார். வெளியே நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுப்பார்:

"அத்தே, தொறக்குமுங்களா, வேட்டிய மடிச்சுக் கட்டட்டுங்களா?"