குழாய் கட்டிய ஓட்டோ

“இன்னும் ஒருக்காச் சொல்லுங்கோ. சிரிச்சுக்கொண்டு சொல்லுங்கோ” என்றாள் உதயகலா.

கேதீஸ்வரன் குசினி வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, உள்ள பல்லெல்லாம் தெரியச் சொன்னான். “அன்பார்ந்த அச்சுவேலி வாழ் மக்களே! கொலின்ஸ் பேக்கரி இன்று திறந்து வைக்கப்படுகிறது.”

உதயகலா தேங்காய் துருவுவதை விட்டுவிட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள்.

“ஐயோ, வேண்டாமப்பா. எனக்கு அம்மாவின்ரை செத்தவீடு ஞாபகம் வருது.”

அவளில் பிழையில்லை. அச்சுவேலியில் யார் கண்ணை மூடினாலும், ஓட்டோக் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக அறிவித்து வருகிறவன் அவள் புருசன்தான். பல வருசமாக அதே வேலை, அதே குரல். ஒவ்வொரு சொல்லையும் நாலு பேர் தோளில் தூக்கி வருவதுபோல அவ்வளவு ஆறுதலாக வரும்.

அந்தக் குரல் கேட்டால் சனம் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசற் படலைக்கு ஓடிவரும். முகமெல்லாம் வெளிறிப் போயிருக்கும். பேரைச் சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போய்விடும். போகிற போக்கில் ஒருத்தராவது அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமே! கலியாண வீட்டுக்கு அவனையும் சொல்லுவார்கள்தான். ஆனால் ஓட்டோவை அடுத்த ஒழுங்கையில் விட்டுவிட்டு நடந்து வரச் சொல்லுவார்கள். பெற்ற மகள் கீர்த்திகாகூட அந்த ஓட்டோவில் ரியூசனுக்குப் போகமாட்டாள். மழைக்குள் நனைந்துகொண்டு சைக்கிளில் போவாள்.

கிழவன் ஏரம்பு ஒருத்தர்தான் விதிவிலக்கு. தன் படலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, முழுவதையும் கேட்பார். முடிந்ததும் ஒரு சீப்புக் கதலிப்பழத்தை ஓட்டோவுக்குள் வைத்துவிட்டுப் போவார். தன்னில் பாவம் பார்த்துத்தான் தருகிறார் என்று கேதீஸ்வரனுக்கு அதிலும் ஒரு துக்கம்.

“செய்யிற வேலையிலையே சந்தோசத்தைத் தேடுங்கோ எண்டு உந்தப் போனுக்குள்ளை ஒருத்தர் பேசுறார், கலா. அவர் ஒருநாள் வந்து என்ரை ஓட்டோவிலை இருந்து பாக்கட்டும். என்ரை குரலைக் கேட்டு ஒரே ஒரு சனம் சந்தோசப்பட்டாக் காணும். நான் வேறை என்ன கேட்டனான்?”

ஊர்ப் பொடியன் கொலின்ஸ், சொந்தமாகப் பேக்கரி திறக்கப்போகிறான் என்றதும் வலியப் போய்க் கேட்டு வாங்கியதுதான் இந்த அறிவிப்பு. “இது சரிவந்தா, அண்ணை, கோயில் திருவிழா, விளையாட்டுப்போட்டி எல்லாத்துக்கும் உங்களைத்தான் சொல்லிவிடுவன்” என்று கொலின்ஸும் சொல்லியிருந்தான். பாவம், நல்ல பிள்ளை.

திறப்புநாள் காலையில் சந்தையடியில் தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. பாண், பணிஸ், கேக் என்று கேதீஸ்வரன் துள்ளித் துள்ளிச் சொன்னான். இரண்டாம் ஒழுங்கை திரும்பும் இடத்தில் ஒரு மாடு குறுக்கே வர, பிரேக்கைப் பிடித்தான். நாக்கு பழகிய பாதையில் தானாகவே போய்விட்டது.

“அச்சுவேலியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கொலின்ஸ் அவர்களின்...”

முதல் படலையில் “ஐயோ!” என்று ஒரு சத்தம் எழும்பியது. அடுத்த வீட்டில் அதைவிடப் பெரிதாக ஒன்று. “...பேக்கரி இன்று பிற்பகல் மூன்று மணிக்கு” என்று அவன் கத்தியதை யாரும் கேட்கவில்லை. பதகளிப்பில் கடைசியாக, “இந்த அறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்” என்றும் சொல்லித் தொலைத்தான்.

ஏரம்பு வழக்கம்போலப் பழத்தை வைத்தார்.

“அப்பு, கொலின்ஸ் சாகேல்லை!”

“அது சரி மோனை” என்றுவிட்டு அவர் உள்ளே போனார்.

கேதீஸ்வரன் ஓட்டோவைத் திருப்பினான். “கொலின்ஸ் இறக்கவில்லை! மக்களே, கொலின்ஸ் நலமாக இருக்கிறார்!” என்று வந்த வழியெல்லாம் சொன்னான். சொல்ல அவனிடம் இருந்ததும் அதே குரல்தானே? அதுவரை நம்பாமல் இருந்தவர்களும் நம்பினார்கள்.

கனடாவில் இருந்து கொலின்ஸின் மாமியார் ஒப்பாரியோடு போன் எடுத்ததும் கொலின்ஸே ஓடிவந்தான்.

“என்ன அண்ணை செய்து வைச்சிருக்கிறியள்?”

“ஏறு தம்பி. உன்னைக் கண்ணாலை கண்டா நம்புவினம்.”

கொலின்ஸ் ஓட்டோவுக்குள் இருந்து தலையை வெளியே நீட்டிக் கையைக் காட்டிக்கொண்டு வந்தான். மேலே குழாய், கீழே கொலின்ஸ். ஆண்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தோள் துவாயை எடுத்தார்கள்.

“எப்பிடி இருந்த பிள்ளை!” என்று ஒரு மனுசி மார்பில் அடித்துக்கொண்டாள்.

“அக்கா, நான் இருக்கிறன்!”

“ஓம் ராசா, இப்பிடித்தான் கையைக் காட்டிக்கொண்டு போவாய்” என்று அவள் இன்னும் சத்தமாக அழுதாள்.

மூன்று மணிக்குப் பேக்கரி வாசலில் ஒரே வெள்ளை உடுப்பும் மலர்வளையமும். விளையாட்டுக் கழகத்தார் திறப்புவிழாப் பதாகைக்கு மேலேயே ‘கண்ணீர் அஞ்சலி’ கட்டிவிட்டார்கள். கொலின்ஸின் படம் அதில் நன்றாக விழுந்திருந்தது. அவனே வாசலில் நின்று கும்பிட, வந்தவர்கள் அவன் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். ஆள் உயிரோடு இருக்கிறான் என்று எல்லோருக்கும் விளங்கத்தான் செய்தது. ஆனால் வந்த காரியத்தை விட்டுவிட்டா போவது?

“சரி, சரி, எல்லாரும் பணிஸ் எடுங்கோ!” என்று கேதீஸ்வரன் தட்டோடு ஓடித் திரிந்தான். ஒருத்தரும் கை நீட்டவில்லை.

“ஏன் அண்ணை, சூடாய்க் கிடக்கு. சாப்பிடுங்கோ!”

“ஆள் சாகாட்டிலும், செத்தவீடெண்டுதானே வெளிக்கிட்டு வந்தனாங்கள்? தலை முழுகாமல் வாயிலை எப்பிடி வைக்கிறது?” என்றார் ஒருவர், ஏதோ சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவதுபோல.

எல்லோரும் முழுகுவதற்கு வீட்டுக்குப் போனார்கள். பணிஸ் முழுவதும் மொய்க்கிற இலையானுக்குத்தான். கொலின்ஸ் மலர்வளையங்களுக்கு நடுவில் கதிரையைப் போட்டு இருந்து, “இனி என்ரை வாசலுக்கு வராதையுங்கோ அண்ணை” என்றான். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்த கேதீஸ்வரன் ஓட்டோக் கூரையில் ஏறி, குழாயின் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினான். கண் கலங்கி ஆணி தெரியவில்லை. இவ்வளவு காலமும் ஊர் ஊராகத் துக்கத்தைக் கொண்டுபோய் இறக்கியதைத் தவிர நான் வேறு என்ன செய்தேன்? வாழைக்குத் தண்ணி இறைக்கிறவனுக்கும் குலையைக் காண ஒரு சந்தோசம் உண்டு. எனக்கு? உதயகலா தேத்தண்ணியைக் கொண்டுவந்து ஓட்டோவுக்குள் வைத்துவிட்டுப் போனாள்.

படலை திறந்த சத்தம் கேட்டது. ஏரம்பு, கையில் பழச்சீப்போடு.

“என்ன மோனை, குழாயைக் கழட்டுறாய்? ஒழுங்கையெல்லாம் இந்தக் கதைதான்.”

“விடப்போறன் அப்பு. இனி ஏலாது.”

“அதென்ன கதை? பிறகு ஆர் எங்களுக்குச் சொல்லுறது?”

“ஆர் சொன்னால் என்ன? இந்த ஊரிலை என்ரை குரலைக் கேட்டு ஒரு நாளாவது சந்தோசப்பட்ட சனம் ஒண்டு இருக்கோ? நீங்களே சொல்லுங்கோ!”

ஏரம்பு அவனை ஒரு விசரனைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்.

“மூச்சைப் பிடிச்சுக்கொண்டு படலையிலை நிண்டு, இண்டைக்கும் நீ என்ரை பேரைச் சொல்லேல்லை எண்ட சந்தோசத்திலைதானேயடா நான் உனக்குப் பழம் தாறனான்!”