சுடுதண்ணி ஓட்டிய கல்யாண டிராக்டர்

கோபத்துக்கென்று ஒரு கோயில் கட்டினால், கருவறையில் வைக்கச் சிலை தேட வேண்டாம். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிராக்டர் டிரைவரைத் தூக்கி வைத்துவிடலாம். பூசாரிதான் நிலைக்க மாட்டான். மணி அடித்த சத்தத்துக்கு முதல் நாளே ஏச்சு வாங்கிக்கொண்டு ஓடியிருப்பான்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. முப்பது வருஷமாக எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டில்தான் இருக்கிறார், இன்னும் தெரியாது. மடுல்கெல்லைப் பக்கம் யாரைக் கேட்டாலும் 'சுடுதண்ணி' என்பார்கள். முகத்துக்கு நேரே மட்டும் 'அண்ணே'.

மழை பெய்தால் மழையை ஏசுவார். விட்டால், ஏன் விட்டாய் என்று ஏசுவார். வளைவில் பஸ் எதிரே வந்தால் சிங்களத்தில் ஒரு சுற்று, கொழுந்து மூட்டையை வாய் கட்டாமல் ஏற்றினால் தமிழில் இரண்டு சுற்று. ஒரு நாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்திருக்கிறார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்க மிசினுக்குத்தான் கிறுக்கு. மொதல்ல அதுக்கு மருந்து குடுங்க!" என்று கத்தினாராம். கத்தக் கத்த முள் இன்னும் ஏறியதாம்.

அந்த மனுஷனுக்கு ஒரே ஒரு பெருமை. காலையில் டிராக்டருக்குத் தண்ணீர் பார்க்காமல் தான் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க மாட்டார். "ரேடியேட்டர் தண்ணி பாக்காம நான் வண்டி எடுத்தேன்னு எவனாவது சொல்லட்டும், அன்னைக்கே சாவியக் குடுத்திடுறேன்" என்று தோட்டத்துத் துரையிடமே சொன்னவர்.

இனி என் கடைசி மகள் செல்வியின் கல்யாணக் கதைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை, பன்வில கோயிலில். ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம், பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். சம்பந்தியம்மா லேசுப்பட்டவள் இல்லை. நிச்சயத்தன்று வடையைப் பிய்த்து, எண்ணெய் குடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள். அந்த வடை நான் சுட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதை விடுங்கள். பத்தரைக்குள் தாலி ஏறாவிட்டால் மகனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தாள்.

அதே முதல் நாள் மழையில் தோட்டத்து ரோட்டில் மண் சரிந்தது. மேலே வர முடியாது என்று வேன்காரன் போனில் சொல்லிவிட்டான். அந்தச் சேற்றில் ஏறி இறங்க டிராக்டரை விட்டால் வேறு வழியில்லை.

விடியற்காலையிலேயே சுடுதண்ணி டிராக்டரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நிறுத்தியிருந்தார். "வாழ மரத்தப் பெட்டியில கட்டுங்க. பொண்ணக் கதிரையில ஒக்கார வைங்க. என்ன எழவும் செய்ங்க. மூக்குல மட்டும் ஒண்ணும் கட்டாதீங்க!" என்றார். பெட்டி என்றது பின்னால் இழுக்கும் டிரெயிலரை, மூக்கு என்றது முன்பக்கச் சல்லடையை. அதற்குப் பின்னால்தான் ரேடியேட்டர் இருக்கிறது.

எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? கண்டியில் கொடுத்து அடித்த பேனர் கையில் இருக்கிறது, பாய் அகலத்துக்கு. அதில் செல்வியும் மாப்பிள்ளையும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். எழுத்து எனக்குத் தெரியாது. முகம் தெரியும். என் மகள் முகத்தை வண்டிக்குப் பின்னால் கட்டினால் எதிரே வருகிறவன் எப்படிப் பார்ப்பான்? மேளக்காரர் சேற்றுக்காலோடு பெட்டியில் ஏறிவிட்டார் என்று சுடுதண்ணி அவரோடு மல்லுக்கு நின்ற நேரத்தில், மூக்கை மூடி நாலு முடிச்சுப் போட்டுவிட்டேன். அவர் வந்து சீட்டில் ஏறினார். அங்கேயிருந்து மூக்கு தெரியாது.

மூன்றாம் வளைவு ஏற்றத்தில் புகை வந்தது. புகை இல்லை, ஆவி. இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி. சுடுதண்ணி வண்டியை ஓரங்கட்டிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். எஞ்சினை மட்டும் நிறுத்தவில்லை, அது மெதுவாக டுக்கு டுக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது.

என் தம்பி மருதை ஓடையில் ஒரு வாளி தண்ணீர் மொண்டுகொண்டு ஓடி வந்தான். சுடுதண்ணி குறுக்கே கையை நீட்டினார்.

"வேணாம் தம்பி. கொதிக்கிறப்போ பச்சத் தண்ணி ஊத்துனா வெடிச்சுப் போயிடும். மூடியவும் தொடாத, மூஞ்சி வெந்துடும்."

"அப்ப எஞ்சினயாவது நிப்பாட்டுங்கண்ணே!"

"சட்டுனு நிப்பாட்டுனா சூடு உள்ளுக்குள்ளயே நின்னுடும். ஓடட்டும். தானா எறங்கும்."

கவனித்தீர்களா? கத்தவில்லை. குழந்தையைத் தூங்க வைக்கிற குரல். அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெட்டியிலிருந்து குதித்தேன்.

"ஊருக்கெல்லாம் கொதிப்பீங்க, இன்னைக்கு மட்டும் சாமியாராயிட்டீங்களா? மணி என்னாவுது? எம் புள்ள மாலையோட நடு ரோட்டுல நிக்கிறா! நீங்களும் ஒரு டிரைவரா? ஒங்க டெக்டர அட்டக் காட்டுல கொண்டு போய்ப் போடுங்க!"

அவர் முன்னால் போனார். என் பேனரை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தார்.

"அதை ஏன் அவுக்கிறீங்க? எம் மக மூஞ்சி ஒங்கள என்னா செஞ்சிச்சு?"

பேனரை முகம் மடங்காமல் சுருட்டி, சீட்டுக்கு அடியில் வைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"காத்து வேணும் தங்கச்சி. அதுக்கும் வேணும், ஒனக்கும் வேணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வானத்தைப் பார்த்தேன். வானத்தில் ஒன்றுமில்லை, இருந்தாலும் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படிப் பார்க்கும்போதும் வாய் மட்டும் ஏசிக்கொண்டேதான் இருந்தது, உடனே நிறுத்த முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் என் சூடு தானாக இறங்கியது.

எஞ்சின் சூடும் இறங்கியது. நனைத்த சாக்கை மூடிமேல் போட்டு, ஒரு திருகு திருகி விட்டார். உஸ்ஸ் என்றது. காத்திருந்தார். இன்னொரு திருகு. பிறகு வாளித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். மருதை கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அழாத குறை. "ஏண்டா, நீ பாத்தா அது நிக்குமா?" என்று அதட்டினார் சுடுதண்ணி. பழைய குரல் வந்துவிட்டது. எனக்கு உயிரும் வந்தது.

கோயில் வாசலில் இறங்கும்போது பத்தேகால். சம்பந்தியம்மா படியிலேயே நின்றாள். "இதுதான் வர்ற நேரமா? யாரு செஞ்ச கூத்து இது?" என்றாள்.

நான் செல்வியின் மாலையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். சுடுதண்ணி சீட்டில் எழுந்து நின்று, கோயில் புறாவெல்லாம் பறக்கக் கத்தினார்.

"நான்தான்! ரேடியேட்டருக்குத் தண்ணி பாக்காம வந்துட்டேன். இப்ப என்னாங்கிறீங்க? ஏசறதுன்னா தாலி கட்டுனப்பறம் வந்து ஏசுங்க, நானும் ஏசுறேன். மொதல்ல வழிய விடுங்க!"

அவள் வழியை விட்டாள். பத்தரைக்கு மூன்று நிமிஷம் இருக்கத் தாலி ஏறியது.

செல்விக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சுடுதண்ணி அண்ணன் பென்சன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். அந்தப் பேனர் அவர் காம்பராச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறது, மழைச் சாரலுக்கு என்று சொல்கிறார். அந்தச் சுவரில் சாரல் அடித்து நான் பார்த்ததில்லை.

நேற்றும் தேத்தண்ணி கொண்டுபோனேன். "இது தேத்தண்ணியா, ஆத்துத் தண்ணியா? சூடே இல்ல!" என்று லயமே அதிரக் கத்தினார். ஆறட்டும் என்று வாசலிலேயே நின்றேன்.