கோபுரத்தின் அடிப்படியிலிருந்து தம்பி எழுதுவது

பிரேசர் டவுன்,
பெங்களூரு.
செவ்வாய்க்கிழமை

பாசமிகு டோரதி அக்காவுக்கு, தம்பி நோயல் பணிந்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான், மகள் லவினா, என் முழங்கால் வலி மூவரும் சுகம். தங்கவயலில் உங்கள் சுகத்தை அறியத்தான் வழியில்லை. மூன்று வாரமாக நீங்கள் போனை எடுப்பதில்லை.

தப்பு என்னுடையதுதான். லவினா தன் ஆஸ்பத்திரியில் செய்த காரியத்தைச் சொல்லும் பெருமையில், "அக்கா, நீங்க முப்பது வருஷமா நோயாளிங்க முதுகுல ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்ச்சதெல்லாம் வேஸ்ட்டாம்" என்று ஆரம்பித்துவிட்டேன். ஓய்வுபெற்ற மேட்ரனிடம் பேச்சை எடுக்கிற அழகா இது? "வைடா போனை" என்றீர்கள். மீதியைச் சொல்லவே இந்தக் கடிதம்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் வராமலிருக்க, சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கிறோமே, அதற்கு என்ன ஆதாரம் என்று லவினா வார்டில் கேட்டிருக்கிறாள். எப்போதும் அப்படித்தான் என்றார்களாம். இவள் விடுவாளா, உங்கள் மருமகள் ஆயிற்றே! டூட்டி முடிந்து வந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளாகப் படித்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கோபுரம் வரைந்து ஒட்டினாள். அடிப்படியில் 'பெரியவங்க சொன்னாங்க'. அதற்கு மேல், ஒரு வார்டில் பார்த்து எழுதிவைத்த குறிப்பு. அதற்கும் மேல், நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒப்பிட்டது. உச்சியில், அப்படிப் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து எடைபோட்டது. தேய்ப்பதற்கு அடிப்படியைத் தாண்டி ஆதரவு இல்லையாம், தோல் இன்னும் கெடவும் கூடுமாம். புரட்டிப் படுக்கவைப்பதற்கு மேல்படிகளில் ஆதாரம் உண்டு, எத்தனை மணிக்கு ஒருதரம் என்பதில்தான் இன்னும் தகராறாம். இப்போது வார்டில் பவுடர் டப்பா போய், கட்டிலுக்குக் கட்டில் புரட்டும் நேரம் எழுதிய அட்டை தொங்குகிறது. பெரிய டாக்டர் சேஷகிரியே "ஒள்ளே கெலசா கண்றீ", நல்ல வேலை என்று கன்னடத்தில் பாராட்டினாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை அக்கா.

அந்த ஜோரில் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தவன் இருபது நிமிஷம் கோபுரத்தை விளக்கினேன். பிறகு பாஸ்டர் டேரில், பாகற்காய் ஜூஸில் தன் சர்க்கரை இறங்கியதாகச் சொல்ல, வாய் சும்மா இருக்குமா, "எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தீங்க பாஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன். சபை சிரித்தது. பாஸ்டர் சிரிக்கவில்லை. லவினா வீடு வரும்வரை எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

வரும் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பாராட்டு விழா. "அத்தையைப் பார்த்துத்தான் நான் நர்ஸ் ஆனேன். அத்தை வரலைன்னா மேடை ஏற மாட்டேன், டாடி" என்கிறாள். பழைய முறைமேல் உங்களுக்கு இருக்கும் பிடிவாதம் எனக்குத் தெரியாததல்ல. நம் வீட்டுப் பெண்ணுக்காக அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வந்துவிடுங்கள், அக்கா. தம்பியை மன்னியுங்கள். உங்கள் மூச்சிளைப்பு தீரத் தினமும் ஜெபிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள
நோயல்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் கூரியர் வந்தது. அனுப்பியது நீங்கள்! உள்ளே உங்கள் பழைய வார்டு நோட்டு. தேதிவாரியாக யாரைத் தேய்த்தோம், யாரைப் புரட்டினோம், யாருக்குப் புண் வந்தது என்று எழுதி, கடைசிப் பக்கத்தில்: 'தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் ஒன்றுதான். புரட்டியவர்களுக்குப் புண் குறைவு. சொன்னால் பெரிய டாக்டர் கத்துவார்.' கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'டேய் நோயல், இதைப் பெட்டி பெட்டியாத் தேடத்தான் மூணு வாரம் ஆச்சு. போன் அடிச்சுது, எடுக்க எங்கே நேரம்? விழாவுக்கு வரச்சொல்லி லவினா கார்டு போட்டிருந்தா, சனிக்கிழமை காலை ரயில்ல வரேன்.'

பிடிவாதம் என்று எழுதிய வரியை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். லவினா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரே வார்டு, ஒரே நர்ஸ். கீழேயிருந்து ரெண்டாவது படி, டாடி" என்றாள். அவளைப் பற்றி நான் எழுதிய இந்தக் கடிதத்தையும் காட்டினேன். படித்துவிட்டு, ஃப்ரிட்ஜில் 'பெரியவங்க சொன்னாங்க' என்ற அடிப்படியைத் தொட்டுக் காட்டினாள்.