தவசியின் அக்குள் கட்டி

சிரிப்பு கட்டாயம் உண்டு. அவசரப்படக் கூடாது. முதலில் தவசியின் தொப்பையை ஒரு சுற்று சுற்றி வரவேண்டும். அதற்கே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

போடிமெட்டுக்கு மேலே தவசிக்கு ஏலத்தோட்டம். ஒருநாள் காட்டுமாடு ஒன்று ஜீப்பை மறித்து முறைத்தது. மறுநாளே மனுப் போட்டார். ரெண்டு வருசம் அலைந்து, லைசென்சோடு ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கிவிட்டார். மனைவி பவதாரணி ஒரே வரியில் சட்டம் போட்டாள்.

"அது பீரோவை விட்டு வெளிய வந்துச்சு, நேரா டேசன்ல ஒப்படைச்சிருவேன்."

அவளுக்குத் தெரிந்தால்தானே ஒப்படைப்பாள்? தவசி பதுங்கிப் பதுங்கித் தோல் கடைக்குப் போனார். கடைக்காரர் பால்சாமி, பட்டுச்சேலை விரிப்பவர் போலத் துப்பாக்கி உறைகளை விரித்தார்.

"இடுப்பு உறை பாருங்கண்ணே. கட்டியிருக்கதே தெரியாது."

ஜீப்பில் உட்கார்ந்ததும் துப்பாக்கி தொப்பையைக் குத்தியதா, தொப்பை துப்பாக்கியைக் குத்தியதா, தவசிக்கே விளங்கவில்லை.

"அப்ப கணுக்கால்ல மாட்டுங்க!"

கட்டியிருப்பதோ வேட்டி. மடித்துக் கட்டினால் ஊருக்கே தரிசனம்.

"இந்தாங்க, அக்குள் உறை. மூடி போட்டு, பொத்தான் வச்சது. பெத்த ஆத்தாளுக்கும் தெரியாது."

ஆத்தாளுக்குத் தெரியாதுதான். பவதாரணிக்கு?

"ஏங்க, இடது கை ஏன் கோழி றெக்கை மாதிரி தூக்கிட்டு நிக்கிது?"

"அது... அக்குள்ல கட்டி."

"அய்யய்யோ! கொண்டாங்க, பாப்போம்."

"தொட்டா உசுரு போகுது தாயி, விடு."

கட்டி என்றால் பத்தியம். கறி கூடாது, மீன் கூடாது, கருவாட்டுக் குழம்பை மோந்துகூடப் பார்க்கக் கூடாது. தினமும் மஞ்சள் பத்து அரைத்து வைத்தாள். அவர் அதைக் குளியலறைச் சுவரில் பூசிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சிலமலையில் மச்சான் விஜயகுமார் வீட்டுக் காதுகுத்து. கிடா விருந்து. மச்சான் பெரிய நல்லி எலும்பாக எடுத்து நீட்டினார்.

"சாப்பிடு மாப்ளே!"

"அண்ணே, போடாத! அவருக்குக் கட்டி," என்று ஓடி வந்தாள் பவதாரணி. தவசி இலையில் ரசம் ஓடியது. பந்தியே பரிதாபப்பட்டது. எதிர் வரிசையில் சொந்தக்காரி பொன்னுமணி, நல்லியை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "பழுத்திருச்சாண்ணே?"

போகட்டும், துப்பாக்கியாவது தங்கியதே என்று ரசத்தை விழுங்கினார் தவசி.

பந்தி கலைந்தது. பவதாரணி வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

"இன்னும் வலிக்குதாங்க?"

"உசுரு போகுது."

"எப்படிப் போகும்? செவ்வாக்கிழமை நீங்க குளிக்கையிலயே அந்தக் கட்டிய எடுத்து, பீரோவுல என் சேலைக்குள்ள சுருட்டி வச்சுட்டேனே!"

தவசி சட்டைக்குள் கையை விட்டு, துப்பாக்கியை உள்ளே வைத்ததிலிருந்து முதல் தடவையாக உறையின் பொத்தானைத் திறந்தார். விரலில் தட்டுப்பட்டது அரைக்கிலோ தராசுப் படிக்கல்.